அடைக்கோழியும் வளவின் கணக்கும்

முட்டையிட்டுக்கொண்டிருந்த பேட்டுக்கோழி ஒன்று திடீரென முட்டையிடுவதை நிறுத்திவிடுகின்றது. கூட்டை விட்டு எழும்ப மறுக்கின்றது. இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, கிட்டப் போவோரின் கையைக் கொத்துகின்றது. அடியிலுள்ள முட்டைகளை எடுத்துவிட்டாலும் வெறுந்தரையிலேயே கிடக்கின்றது. இதனையே அடை என்பர். கோழி வளர்க்கும் வீடுகளில் இந்நிலை தோன்றியதும் கூடவே ஒரு வினாவும் தோன்றுகின்றது: இக்கோழியை அடைவைப்பதா, அல்லது அதன் அடையைக் கலைப்பதா? பார்வைக்கு மிகச் சிறியதான இவ்வினாவினுள்ளே ஒரு வீட்டின் பொருளியல் முழுவதும் அடங்கிவிடக்கூடும் என்பது சற்று ஆழ்ந்து நோக்குவார்க்குப் புலனாகும்.

அடையைக் கலைப்பதற்குக் கிராமங்களிற் கையாளப்படும் முறைகள் பல. கோழியைத் தொட்டித் தண்ணீரில் முக்கியெடுப்பர். வெளிச்சமான இடத்திற் கரப்பினாற் கவிழ்த்து மூடிவைப்பர். அதன் இறகொன்றையே பிடுங்கி மூக்குத் துவாரத்தினூடாகச் செருகிவிடுவாரும் உளர். இக்கொடுமைகளுக்குக் காரணம் எளிது. அடைகிடக்கும் கோழி முட்டையிடாது. குஞ்சு பொரிக்க 21 நாள். பொரித்த குஞ்சுகளை வளர்த்துவிட மேலும் ஆறு முதல் எட்டுக் கிழமை. ஆக, ஏறத்தாழ இரண்டரை மாதம் அக்கோழியிடமிருந்து ஒரு முட்டையேனும் கிடையாது. முட்டையை மட்டும் எண்ணும் கணக்கில் அடை என்பது வேலைநிறுத்தமே.

உயிரியல் இதனை வேறுவிதமாக விளக்குகின்றது. அடைநிலையின்போது கோழியின் குருதியிற் புரொலற்றின் எனும் ஓமோனின் அளவு உயர்கின்றது, சூலகம் சுருங்குகின்றது, முட்டை உருவாதல் நின்றுபோகின்றது. வயிற்றுப்புறத்து இறகுகள் உதிர்ந்து, குருதியோட்டம் மிகுந்த வெறுந்தோல் முட்டைகளின்மீது நேரே படுகின்றது. உணவிற் பற்றுக் குறைகின்றது. நாளுக்கு ஒருமுறை மாத்திரம் எழுந்துபோய்த் தின்று, குடித்து, மண்ணிற் புரண்டுவிட்டு விரைந்து திரும்புகின்றது. அடைமுடியும்வேளை கோழியின் நிறை கணிசமாகக் குறைந்திருக்கும். வெளியே சோம்பலாகத் தோன்றுவது உண்மையில் உடலின் சேமிப்பைச் செலவிட்டு நடைபெறும் உழைப்பாகும்.

இவ்வுழைப்பைக் கோழியிடமிருந்து பிரித்தெடுக்க மனிதர் நெடுங்காலமாக முயன்று வந்துள்ளனர். பண்டை எகிப்தியர் சூடேற்றிய அடுப்பறைகளிற் குஞ்சு பொரித்தனர். பிரெஞ்சு அறிஞரான றெயோமூர் செயற்கை முறையிற் குஞ்சு பொரிப்பது பற்றி 1749இல் நூலொன்றை வெளியிட்டார். பின்னர் பொரிகருவிகள் பெருகின. ஏறத்தாழ 37.5 பாகை செல்சியசு வெப்பமும் தகுந்த ஈரப்பதனும் இருந்து, முட்டைகள் உரிய நேரத்தில் உருட்டிவிடப்படுமாயின், பொரிப்பதற்குக் கோழி தேவையில்லை என்றாயிற்று. தேவையற்றுப்போன குணம் பின்னர் குறைபாடாகவே கருதப்பட்டது. அடைகிடவாத பேடுகளின் வழித்தோன்றல்களே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டன. இன்றைய முட்டைக்கோழி ஓராண்டில் 300 வரை முட்டையிடும். ஆனால் அவற்றின்மீது அமர்வது அரிது. நாட்டுக்கோழியோ பத்துப் பதினைந்து முட்டைகளையிட்டுவிட்டு அடைக்குப் போய்விடும். ஒன்று பெருக விளைவிக்கும். மற்றது தன்னைத் தானே மீள உண்டாக்கும். இவ்விரண்டுக்குமிடையேயான வேறுபாடு ஏட்டளவிலானதன்று என்பதற்குக் கிளிநொச்சி மாவட்டத்துக் குளத்தோரக் கிராமமொன்றிலுள்ள ஒரு வளவு சான்றாகின்றது.

அவ்வளவில் வாழ்வோர் மூவர்: ஆச்சி, அவருடைய மகள், பேத்தி. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபோது கூட்டுக்கதவைத் திறந்துவிட்டுச் சென்றனர். 2009இல் மகளின் கணவர் இல்லாமற்போனார். 2010இல் அவர்கள் மீளக் குடியேறியபோது கூரை இல்லை, வேலி இல்லை, கிணறு தூர்ந்திருந்தது. அவ்வேளை தொண்டு நிறுவனமொன்று வாழ்வாதார உதவியாகப் பத்துக் கோழிக்குஞ்சுகளை வழங்கிற்று. அவை பண்ணையினத்தவை, ஐந்தாம் மாதத்தில் முட்டையிடத் தொடங்கின. அந்த முட்டைகளே பேத்தியின் பால்மாவாகவும் வீட்டின் உப்பும் புளியுமாகவும் மாறின. அவ்வுதவியின் பயனை எவரும் மறுத்தற்கில்லை. ஆயினும் மூடையில் வரும் தீவனமின்றி அவை இளைத்தன. இரண்டாண்டு கழிந்ததும் முட்டை குறைந்தது. ஒவ்வொன்றாக இறைச்சிக்குப் போயின. ஒன்றேனும் அடைக்குப் போகவில்லை. 2013ஆம் ஆண்டளவில் வளவில் எஞ்சியிருந்தது வெறுங்கூடு மாத்திரமே.

அதன்பின்னர் ஆச்சி வடமராட்சியிலுள்ள தம் தங்கை வீட்டுக்குச் சென்று, பனையோலைப் பெட்டியொன்றில் ஒரு நாட்டுப்பேட்டை வைத்து, பேருந்தில் மடியிலேந்திக்கொண்டு வந்தார். பின்னர் அவ்வளவில் மேய்ந்த நாட்டுக்கோழிகள் யாவும் அந்த ஒரு பேட்டின் வழிவந்தவையே. கொடுக்கப்பட்ட பத்தும் பத்தாகவே முடிந்தன. கொண்டுவந்த ஒன்று பலவாயிற்று. எனினும் ஆச்சி பண்ணைக்கோழியை வெறுத்தாரல்லர். பின்னாளில் அயல்வீட்டிலிருந்து இரண்டு கலப்பினப் பேடுகளையும் வாங்கி அதே சேவலுடன் மேயவிட்டார். முட்டைக்கு அவை, அடைக்கு இவை என்பது அவர் கண்ட ஏற்பாடு.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இவ்வேற்பாட்டையும் சோதித்தது. தீவனத்தட்டுப்பாட்டாலும் விலையேற்றத்தாலும் நாடெங்கும் பண்ணையாளர் பலர் கோழிகளைக் குறைத்தனர். முட்டைக்கு அரசு உச்சவிலை விதித்தபோதிலும் சந்தையில் ஒரு முட்டை 50 ரூபாவைத் தாண்டிற்று. 2023ஆம் ஆண்டு தைமாதத்தில், முட்டை பொன்னாக விலைபோன அந்த நாட்களில், ஆச்சியின் சிவப்புப் பேடு அடைக்குப் போனது. அப்போது சாம்பலிட்ட பானையில் 11 முட்டைகள் சேர்ந்திருந்தன. ஆறு அப்பேட்டினுடையவை, ஐந்து கலப்பினப் பேடுகளுடையவை. பேத்தியோ உயர்தர வகுப்பிற்கெனத் தனியார் கல்விநிலையமொன்றுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அம்மாதப் பணம் கட்டப்படவில்லை.

"முட்டை விக்கிற விலைக்கு இதுகளைக் கொண்டுபோய் அடைவைக்கப் போறியளே அம்மா? பிள்ளையின்ரை வகுப்புக் காசுக்கு எங்கை போறது?" என்று மகள் கேட்டாள்.

"முட்டையை வித்தால் காசு வரும் பிள்ளை, நான் இல்லையெண்டு சொல்லேல்லை. நாளைக்கு இந்தக் கோழியள் முடிஞ்சால் என்னத்தை விக்கப் போறாய்?" என்றார் ஆச்சி.

இருவருக்குமிடையே நின்ற பேத்தி, "ஆச்சி, ஆறை வைப்பம், அஞ்சை விப்பம்" என்று சமரசம் பேசினாள்.

"ஆறுக்கும் உது அதே இருவத்தொரு நாள்தானே கிடக்கப்போகுது, மோனை. பதினொண்டுக்கும் அதே நாள்தான்" என்பதே ஆச்சியின் விடை.

பொருளியல் மாணவர் நிலையான செலவு என்று படிக்கும் கருத்தையே ஆச்சி எடுத்துரைத்தார் எனலாம். கோழியின் காலம் எப்படியும் செலவாகப்போகின்றது. அக்காலத்தினுள் எத்தனை உயிரை அடக்கலாம் என்பதே வினா. முடிவில் 11 முட்டைகளும் அடைக்கு வைக்கப்பட்டன. மகள் தான் பிடித்துவந்த சீட்டைக் கழிவு கொடுத்து முற்கூட்டியே எடுத்து வகுப்புப் பணத்தைக் கட்டினாள். அக்கழிவும் அடையின் செலவே. அதனை மறைத்து அடைக்கோழியைப் புகழ்வது நேர்மையாகாது.

பழைய கடகமொன்றில் மணல் பரப்பி, அதன்மேல் வைக்கோலிட்டு, இருண்ட மூலையொன்றிற் கூடு அமைக்கப்பட்டது. ஒற்றைப்படை எண்ணாக முட்டை வைப்பதும், இடிமுழக்கத்தால் முட்டை கெடாதிருக்க இரும்புத்துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் கூட்டில் இடுவதும் வழக்கம். இரும்பு இடியைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. ஆயின், அடைவைத்த கூட்டை எவரும் குழப்பாதிருக்க அவை ஓர் அடையாளமாகப் பயன்படுதல் கூடும்.

ஏழாம் நாளிரவு பேத்தி ரோச் வெளிச்சத்தில் முட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். பத்தில் சிலந்திவலைபோன்று செந்நரம்புகள் படர்ந்திருந்தன. ஒன்று தெளிவாகவே இருந்தது. கருக்கொள்ளாத அம்முட்டை நீக்கப்பட்டது. அரிஸ்டோட்டில் கோழிமுட்டையின் வளர்ச்சியை ஆராய்ந்து, மூன்றாம் நாள் கழிந்தபின் இதயம் ஒரு குருதிப்புள்ளியாகத் துடிப்பதைக் குறிப்பிட்டுள்ளார். அவர் முட்டையை உடைத்துக் கண்டதன் தொடர்ச்சியை இவள் உடையாமலே கண்டாள். முட்டையோட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளினூடாகக் காற்று உட்செல்கின்றது; நீராவி வெளியேறுகின்றது. அதனால் அகன்ற முனையிலுள்ள காற்றறை நாளுக்கு நாள் பெரிதாகின்றது. கோழி தன் அலகினால் முட்டைகளை அடிக்கடி உருட்டிவிடுவதாற் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளாது தப்புகின்றது. இவையெல்லாம் கோழிக்குத் தெரியுமா என்ற ஆராய்ச்சி ஒருபுறமிருக்க, செய்யவேண்டியவற்றை அது தவறாது செய்தது.

இருபதாம் நாள் ஓட்டினுள்ளிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டது. குஞ்சு காற்றறைக்குள் அலகை நுழைத்து முதன்முதலாக மூச்சுவிடும் வேளை அது. கோழி தாழ்ந்த குரலிற் பதில் கொடுத்தது. பிறவாததும் பெறுவதும் ஓட்டின் இருபுறத்திலுமிருந்து பேசிக்கொண்டன. மறுநாள், அலகின் நுனியிலுள்ள சிறிய முட்டைப்பல்லால் ஓட்டைக் கீறிக் குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஒரு குஞ்சு பாதி கீறிய ஓட்டுக்குள்ளேயே இறந்தது. ஒன்பது பொரித்தன. பொரிக்குமுன் மஞ்சட்கரு குஞ்சின் வயிற்றினுள் இழுத்துக்கொள்ளப்படுவதால் இரண்டு நாளுக்கு அதற்குத் தீன் வேண்டியதில்லை. முந்திப் பொரித்தவை பசியின்றிக் காத்திருக்க, பிந்தியவற்றுக்காகக் கோழி கூட்டிலே தங்கியிருக்க முடிவது இதனாலேயே.

கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்பது பழமொழி. முதலாம் இரவிலேயே ஒரு குஞ்சு கோழியின் காலடியில் நசுங்கிக் கிடந்தது. தாய்மையைப் பற்றிய உவமைகளிற் பல, கோழிக்கூட்டைக் காலையிற் திறந்து பார்க்காதோர் சொன்னவை போலும். எஞ்சிய எட்டையும் கோழி வளவிலே கூட்டித் திரிந்தது. குப்பையைக் கிளறி, இரையை அலகிலெடுத்துப் போட்டு, விட்டுவிட்டு ஒலியெழுப்பி, எது தின்னத்தக்கது என்பதைக் கற்பித்தது. ஆச்சி கறையான் புற்றைக் கொத்திவந்து கொட்டினார். பேத்தி குறுணல் இட்டாள். மகள் அரச கால்நடை வைத்திய அலுவலகத்திற்குச் சென்று, கண்ணில் விடும் தடுப்புமருந்தை வாங்கிவந்தாள். வளவு வளவாகக் கோழிகளை வாரிக்கொண்டு போகும் நியூகாசில் நோய்க்கு எதிராகத் தாய்க்கோழியின் செட்டை எதையும் செய்யவியலாது. அவ்விடத்தில் மனித அறிவே காவல்.

வானிலிருந்து வரும் பகைக்கும் தரையில் வரும் பகைக்கும் கோழியினம் வெவ்வேறு எச்சரிக்கைக்குரல் எழுப்பும் என்பது ஆய்வாளர் கண்ட உண்மை. பிராந்தின் நிழல் விழுந்தபோது குஞ்சுகள் பற்றைக்குள் ஒடுங்கின. ஆயினும் ஒன்று அகப்பட்டது. மாசிமாத மாலையொன்றில் வேலிப் பொட்டினூடாகக் கீரி புகுந்தது. கோழி செட்டைகளை விரித்துப் பாய்ந்தது, கதறியது, ஆச்சி தும்புத்தடியுடன் ஓடிவருவதற்குள் இரண்டு குஞ்சுகள் போய்விட்டன. சங்கப்புலவர் ஒக்கூர் மாசாத்தியார் இத்தகைய காட்சியொன்றை நன்கறிந்திருந்தார். குறுந்தொகையின் 139ஆம் பாடலில், மாலைவேளையில் வேலியருகே காட்டுப்பூனைகளைக் கண்டு மனைக்கோழி தன் குஞ்சுகளைக் கூவியழைக்கும் ஓசையை அவர் ஊரார் தூற்றும் பழிச்சொல்லுக்கு உவமையாக்கினார். தாயன்பின் இனிமைக்கு அவர் அதனை உவமையாக்கவில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. அவர் கேட்டது இன்னாத ஓசை. அன்று மாலை அவ்வளவிற் கேட்டதும் அதுவே.

அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்தியாவிலிருந்து முட்டைகள் இறக்குமதி செய்யப்பட்டுக் கொழும்பை வந்தடைந்தன. அந்நாட்களில் இங்கே ஐந்து குஞ்சுகள் இறகு முளைத்துத் திரிந்தன. இதிலிருந்து, நாடு முழுவதும் நாட்டுக்கோழிக்குத் திரும்பிவிட்டால் நெருக்கடி தீர்ந்துவிடும் என முடிவுகட்டுவது பேதைமை. நகரங்களின் காலைச் சாப்பாட்டை அடைக்கோழிகளால் ஈடுசெய்ய முடியாது. 11 முட்டைகளில் ஐந்து மாத்திரமே கோழிகளாயின என்ற உண்மையே அதற்குப் போதிய சான்று. ஆனால், தீவனமும் தாய்க்கோழியினமும் வெளியிலிருந்து வரவேண்டிய உற்பத்தி, அவ்வரவு தடைப்பட்டதும் எவ்வாறு நிலைகுலைந்தது என்பதை அவ்விரண்டு ஆண்டுகளும் காட்டின. வெளியிலிருந்து ஏதும் வராத ஒரு வளவிற் கோழியினம் தொடர்ந்து நிலைத்ததற்கு, முட்டைக்கணக்கில் நட்டமென எழுதப்படும் அடையே காரணமாயிற்று.

சித்திரை பிறக்குமுன் கோழி குஞ்சுகளைக் கொத்தித் துரத்தத் தொடங்கிற்று. நேற்றுவரை செட்டைக்குள் அணைத்தவற்றை இன்று தீனருகே அண்டவிடவில்லை. பேத்திக்கு இது பொறுக்கவில்லை. ஆச்சிக்கோ வியப்பில்லை. "கொத்தாட்டில் அதுகள் எப்ப தனியத் தின்னப் பழகிறது?" என்றார். ஓமோனின் அளவு தாழ்ந்து, சூலகம் மீண்டும் விழித்து, சில நாட்களிற் சிவப்புப் பேடு பழையபடி முட்டையிட்டது.

ஐந்தில் இரண்டு சேவல், மூன்று பேடு. அவ்வாண்டின் இறுதியில் இரண்டு சேவல்களும் விற்கப்பட்டன. அவற்றுள் ஒன்றின் விலையே அன்றைய 11 முட்டைகளின் விலையையும் சீட்டுக்கழிவையும் மிஞ்சியது. மூன்று பேடுகளில் இரண்டு மறுவருடம் தாமாகவே அடைக்குப் போயின. கலப்பின முட்டையிலிருந்து வந்த மூன்றாவது நிறைய முட்டையிட்டது, அடைக்குப் போகவில்லை. மகள் இப்போது முட்டைகளை விற்பதற்கும் வைப்பதற்குமாகத் தானே பிரித்தெடுக்கின்றாள். பேத்தி அதனை ஒரு கொப்பியில் எழுதிவைக்கின்றாள்: இட்டவை, விற்றவை, வைத்தவை, பொரித்தவை, போனவை. கோழி கூட்டிற் கிடந்த நாட்களுக்கும் அக்கொப்பியில் ஒரு நிரல் உண்டு. அதனை வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா என்று அவள் கேட்டபோது, இரண்டிலும் எழுது என்றார் ஆச்சி.

அண்மையில் நிவாரணப் படிவமொன்றை நிரப்பும்பொருட்டு அலுவலர் ஒருவர் அவ்வீட்டிற்கு வந்தார். ஒவ்வொருவராகத் தொழிலைக் கேட்டார். மகளுக்குக் கூலிவேலை என எழுதினார். பேத்திக்கு மாணவி என எழுதினார். 1990ஆம் ஆண்டுகளிலிருந்து ஐந்துமுறை இடம்பெயர்ந்து, ஒவ்வொருமுறையும் அடுப்பையும் வேலியையும் கோழிக்கூட்டையும் முதலிலிருந்து உண்டாக்கிய ஆச்சியின் பெயருக்கு எதிரே தொழில் இல்லை என்று எழுதிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.